தீப்பெட்டியில் இருந்த நீலம்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். கயிற்றுக் கட்டிலில் வலது கண்ணில் கட்டோடு அப்பா. அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு அம்மா. மில் தொழிற்சங்கத்தில் இருந்த, நான் சங்கத்து மாமா என்று கூப்பிட்டவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருந்த, கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்த ஸ்டுடியோ பாய். போட்டோ என்று கேள்விப்பட்டதும் பவுடர் பூசி, பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்துவிட்ட எதிர்வீட்டு அக்கா. பிறகு நான். எனக்குப் பதினோரு வயது, ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த லீவு. வேறு யாரும் இல்லை. பல தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

எண்ணுவது எனக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட புத்தி. இப்போதும் வெளியே கிளம்பினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறிய பிறகு கேஸை அணைத்தோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள், அதிலும் ராஜபாளையத்தில் மில் சங்கு கேட்டு எழுந்து வளர்ந்தவர்கள், குறை இருந்தாலும் பொறுத்துப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பாய் படம் எடுக்க வந்தது எங்களை இல்லை. ஒரு தீப்பெட்டிக்குள் கிடந்த இரும்புத் துண்டுகளை.

நூல் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு டிராவலர் என்றால் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நகம் வெட்டினால் விழுகிற துண்டு எப்படி வளைந்திருக்கும், அதே அளவு, அதே வளைவு, ஆனால் எஃகு. நூல் சுற்றுகிற கதிர் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்தின் விளிம்பைக் கவ்விக்கொண்டு இது ஓடும். இதற்குள் நுழைந்துதான் இழை கதிருக்குப் போகும். ஓடும்போது கண்ணுக்கே தெரியாது, அப்படி ஒரு வேகம். இத்தனை நாளைக்கு ஒரு தடவை பழசைக் கழற்றிப் புதுசு மாட்ட வேண்டும் என்று கணக்கு உண்டு. மாட்டாமல் ஓட்டினால் சூடேறும், தேயும், ஒரு நாள் பிய்த்துக்கொண்டு பறக்கும்.

அப்பா அந்த மிஷின்களுக்கு நடுவே ஓடி ஓடி, அறுந்த இழையை ஒட்டுகிறவர். பங்குனியில் ஒரு பகல் ஷிப்டில் அப்படி ஒன்று பறந்து வந்து அவருடைய வலது கண்ணில் அடித்தது. மதுரையில் ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். அந்தக் கண் போய்விட்டது. இடது கண்ணிலும் வெளிச்சம் பட்டால் நீர் கொட்டியது.

மில்லில் என்ன சொன்னார்கள் என்றால், டிராவலர் எல்லாம் நாள் தவறாமல் மாற்றியாகிவிட்டது, ரெஜிஸ்டரில் இருக்கிறது, இவர்தான் கவனமில்லாமல் முகத்தைக் கிட்டே கொண்டுபோனார் என்று. ஆனால் சங்கத்து மாமா விவரமான ஆள். விபத்து நடந்த அன்றைக்கே, அதே மிஷினில் இருந்து ஆறு டிராவலர்களைக் கழற்றித் தீப்பெட்டியில் போட்டு மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆறிலும் வளைவின் நடுவே நீலம் பாய்ந்திருந்தது. மாற்றாமல் ஓடி ஓடிச் சூடேறிய இரும்பில் விழுகிற நிறம் அது. ரெஜிஸ்டரில் எழுதியது பொய் என்பதற்கு அந்த நீலம்தான் சாட்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் தீப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இத்தனை சின்னச் சாமானை விசாரணையில் யார் கண்ணில் வைத்துப் பார்க்கப் போகிறார்கள், பெரிதாகப் போட்டோ எடுத்து வாருங்கள், கறை தெரிய வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கறை தெரிந்தால் நஷ்டஈடு, மில்லிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை. தெரியாவிட்டால் ஒன்றும் இல்லை.

இந்த விவரமெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. பதினோரு வயதுப் பிள்ளையிடம் கேஸ் விஷயத்தை யார் சொல்வார்கள்? அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு. தீப்பெட்டிக்குள் இருப்பதைப் போட்டோ எடுத்து மதுரையில் பெரிய அதிகாரியிடம் காட்டப் போகிறார்கள். அப்பாவைக் கவனமில்லாதவர் என்கிறார்கள்.

அந்த வார்த்தை வீட்டுக்குள் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்பா தடவித் தடவி நடந்து தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டால்கூட, "ஆமா, நான் கவனமில்லாதவன்தான. எழுதியே குடுத்துட்டாம்ல" என்பார். அம்மா வாயைத் திறக்க மாட்டாள். திறந்த ஒரு நாள் டம்ளர் பறந்து வந்து சுவரில் பட்டுச் சொட்டையானது. முன்னால் அவர் அப்படிப்பட்ட மனுஷர் இல்லை. ஷிப்டு முடிந்து வரும்போது பஞ்சு ஒட்டிய தலையோடு எனக்குப் பொரிகடலை வாங்கிவருகிறவர்.

பாய் வருவதாகச் சொன்ன காலையில் அம்மா வீட்டை இரண்டு தடவை பெருக்கினாள். நான் அங்கணத்தில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். அது என் வேலை. புளி, சாம்பல், தேங்காய் நார். போட்டோவுக்கு முன்னால் எல்லாரும் தலை சீவுகிறோம், முகம் கழுவுகிறோம். தீப்பெட்டிக்குள் இருப்பதை யார் கழுவியது என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. மாடக்குழியில் இருந்து எடுத்துத் திறந்து பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சுத் தூசியுமாக, நடுவில் ஊதா ஊதாவாகக் கறை. இந்த அழுக்கோடு மதுரைக்குப் போனால், பார்க்கிற அதிகாரி என்ன நினைப்பார்? சாமானை வைத்திருக்கிற லட்சணத்தைப் பார், கவனமில்லாத ஆள்தான் என்று சொல்லிவிட மாட்டாரா?

முதலில் எடுத்தது விரல் வழுக்கி அங்கணக் குழிக்குள் போய்விட்டது. குச்சி விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. மீதி ஐந்தையும் உள்ளங்கையில் வைத்து, புளியைப் பிசிறிப் போட்டு, சாம்பல் தொட்டு, நாரால் தேய்த்தேன். கறை லேசில் போகவில்லை. விளக்கில் சிட்டம் பிடித்தால் புளியை அப்பி ஊற வைப்போமே, அது மாதிரி செய்தேன். செத்த நேரம் கழித்துத் தேய்த்தால் ஒவ்வொன்றும் வெள்ளிக் கம்மல் மாதிரி மின்னியது. பாவாடையில் துடைத்துத் தீப்பெட்டிக்குள் போட்டு, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். அப்பாவுக்கு என்னால் ஆனது ஒன்று செய்துவிட்ட நிம்மதி இருந்தது. அந்த மாதிரி நிம்மதி அதற்குப் பிறகு எனக்கு வந்த ஞாபகம் இல்லை.

பாய் வந்ததும் அம்மாவிடம் வெள்ளை வேட்டி கேட்டார். எங்கள் வீட்டு ஸ்டூலைத் தலைகீழாகக் கவிழ்த்து, நாலு காலையும் சுற்றி வேட்டியைக் கட்டினார். குட்டிக் கூடாரம் மாதிரி ஆயிற்று. வெளியே ஒரு பெரிய பல்பு. போட்டதும் அறையே அடுப்பு மாதிரி கொதித்தது. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"வேட்டி எதுக்கு பாய்? இரும்புக்குக் கூச்சமா?" என்று சங்கத்து மாமா கேட்டார்.

"பளபளப்பான சாமானுக்குச் சொந்த முகம் கெடையாதுண்ணே. எதுத்தாப்புல என்ன இருக்கோ அதான் அதுக்கு மொகம். வேட்டி கட்டாட்டி இந்தத் தாடிதான் அதுல தெரியும். வக்கீலுக்கு என் தாடியவா காட்டப்போறிய?"

எதிர்வீட்டு அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு, "ஏமி பாய், எங்களையெல்லாம் ஒண்ணு எடுக்கப்படாதா? பவுடர் போட்டது தண்டமா?" என்றாள். அவள் வீட்டில் தெலுங்கு.

"இன்னைக்கு இரும்புக்கு மட்டும்தான்க்கா. அது வேர்க்காது, சிரிக்கச் சொன்னாக் கோவிக்காது."

அப்பாகூடத் துண்டுக்குள்ளே சிரித்தது கேட்டது. பல நாளுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

பாய் கேமராவில் இருந்து லென்ஸைக் கழற்றி, முன்பக்கம் பின்னாலே வருகிற மாதிரி திருப்பி வைத்து, சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினார். அப்படித் திருப்பி மாட்டினால்தான் சின்னது பெரிசாகத் தெரியுமாம். ஃபேனை அணைக்கச் சொன்னார். யாரும் நடக்கக் கூடாது, தரை அதிர்ந்தால் படம் கலங்கிவிடும். தெருவில் பஞ்சு லாரி போனால் அது போய் முடிகிறவரை காத்திருந்தார். பிறகு தீப்பெட்டியைத் திறந்து, சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கறுப்பு வெல்வெட்டின் மேல் வரிசையாக வைத்தார்.

"அஞ்சுதான இருக்கு?" என்றார்.

"ஆறுல்ல எடுத்தேன்," என்று சங்கத்து மாமா நெற்றியைத் தடவினார். "பதட்டத்துல தப்பா எண்ணிருப்பேன். அஞ்சு போதும், எடுங்க."

பாய் குனிந்து கேமராவுக்குள் பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை. பல்பின் சூட்டில் அவருடைய சட்டை முதுகு நனைந்துகொண்டே வந்தது. அப்புறம் நிமிர்ந்து, முதலில் தீப்பெட்டியைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். அடுப்படி ஓரம் நின்ற என்னிடம் வந்து பார்வை நின்றது. என் விரல் நுனியெல்லாம் புளி பட்டு வெளுத்து, நகக்கண்ணில் சாம்பல் இருந்தது.

"பாப்பா, இந்த வீட்டுல பாத்திரம் யாரு வெளக்குறது?"

"நான்தான்."

"நல்லா வெளக்குற."

அவ்வளவுதான். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். சங்கத்து மாமா, "என்ன பாய், கறை தெரியுதா?" என்றார். பாய் அப்பாவின் கட்டில் பக்கம் பார்த்தார். சுவரில் டம்ளர் பட்ட பள்ளத்தையும் பார்த்திருப்பார். அது பல்பு வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. "பிரிண்டு போட்டாத்தான் சொல்ல முடியும்ணே," என்றார். நாங்கள் ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, நாலு படம் எடுத்தார். மொத்தம் அறுபது ரூபாய் பேச்சு. இருபது முன்பணமாக வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து அவரே பிரிண்டைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகல அட்டையில், கறுப்புக்கு நடுவே ஐந்து இரும்பு வளைவுகள், கோயில் யானைத் தந்தம் மாதிரி வெள்ளை வெளேரென்று. எங்கேயும் ஒரு கறை இல்லை. சங்கத்து மாமா ஓடிப்போய்த் தீப்பெட்டியைத் திறந்தார். அதிலும் இல்லை.

"நீலம் எங்க பாய்?"

பாய் தீப்பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"என் கண்ணால பாத்தேன். வக்கீலும் பாத்தாரு. எல்லாத்துலயும் இருந்துச்சு." மாமா அந்தப் பெரிய பல்பை நினைத்துக்கொண்டார் போல. "அம்புட்டு சூட்ட வச்சு எரிச்சா கறை நிக்குமாய்யா? போற போக்குல எரிச்சு உட்டுட்டீரே."

எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. காதுக்குள் மில் சங்கு பிடித்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்தேனா இல்லையா என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார் என்றுதான் எனக்கு நானே சொல்லிவருகிறேன்.

"ஆமாண்ணே. லைட்டு கூடிப்போச்சு. என் தப்புதான்."

அப்பா கட்டிலில் இருந்து எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று அம்மா குறுக்கே வந்தாள். அவர் அடிக்கவில்லை. "கல்யாண வீட்டுல மாலையும் கழுத்துமா நிக்கிறவியள எடுக்குற ஆள்ட்ட என் கண்ணக் குடுத்தேன் பாரு," என்றார். "மீதிக் காசு கெடையாது. போயிரும்."

பாய் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார். "வேண்டாம் அண்ணாச்சி. என் மேல கோவம் என்னைக்குப் போகுதோ, அன்னைக்கு ஒங்க கையால குடுங்க. வாங்கிக்கிறேன்."

போகும்போது என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது, தன் பல்புதான் காரணம் என்று நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் நம்பியதால் நானும் பாதி நம்பினேன்.

மதுரை விசாரணையில், கறை இல்லை, தேய்மானம்தானே இருக்கிறது, ஓடுகிற இரும்பு தேயாமல் இருக்குமா என்று கேட்டுவிட்டார்களாம். கடைசியில் ராஜி பேசி ஒரு சின்னத் தொகை கொடுத்தார்கள். காகிதத்தில் "கவனக்குறைவு" என்று இருந்தது. அப்பா பிறகு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது நான் போகவில்லை. பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போனேன். மடிக்கிற துணியெல்லாம் அப்பா கண்ணில் கட்டிய துணி மாதிரியே இருக்கும். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

பாய் சந்தைக்கு வருகிற நாளில் சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டித்தான் போவார். ஒவ்வொரு தடவையும் நெற்றிக்குக் கை கொண்டுபோவார். அப்பா டோக்கனை எண்ணுகிற மாதிரி குனிந்துகொள்வார். அப்பா சாகிறவரை இது மாறவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நான் நினைக்காத வருஷம் இல்லை. இருக்கிற ஒரு கண்ணால் என்னை எப்படிப் பார்ப்பாரோ என்று பயந்து, அடுத்த பொங்கலுக்கு, அடுத்த பொங்கலுக்கு என்று தள்ளித் தள்ளி, அவரும் போய்விட்டார்.

இப்போது என் மருமகள் கவரிங் நகை வாங்கி போன் வழியாக விற்கிறாள். மூக்குத்தி, கம்மல் திருகு, கொலுசு மணி என்று எல்லாம் பொடிச் சாமான்கள். போனுக்கு முன்னால் கிளிப் மாதிரி மாட்டுகிற குட்டி லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறாள். முதல் நாள் அவள் எடுத்த படத்தில் ஒவ்வொரு மூக்குத்தியிலும் அவள் முகமும் ஜன்னல் கம்பியும்தான் தெரிந்தன. நான் ஸ்டூலைக் கவிழ்த்து வெள்ளை வேட்டியைக் கட்டினேன்.

"யாரு அத்தை ஒங்களுக்கு இதச் சொல்லித் தந்தா?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்கு ஒரு ஆள் வந்தாரு," என்றேன்.

அதிலிருந்து படம் எடுப்பது என் வேலையாகிவிட்டது. பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து எடுக்கிறேன். பழகப் பழக ஒன்று தெரிந்தது. வெறுங்கண்ணுக்குச் சுத்தமாக இருக்கிற மூக்குத்தியில், லென்ஸ் வழியாகப் பார்த்தால், ஒரு துளித் தூசி செங்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். துணியால் துடைத்த கோடு சாலை மாதிரி தெரியும். லென்ஸிடம் எதையும் மறைக்க முடியாது. இது புரிந்த அன்றைக்குப் போனை வைத்துவிட்டேன்.

டிரங்குப் பெட்டியில் அப்பாவின் காகிதங்களோடு அந்த போட்டோ ஒன்று இருந்தது. ஜன்னலோரம் வைத்து, லென்ஸை மாட்டிப் பார்த்தேன். மூன்றாவது டிராவலரின் உள்வளைவில் சாம்பல் குவியல் குவியலாக இருந்தது. நாலாவதில் புளி நார் ஒன்று கயிறு மாதிரி கிடந்தது. ஐந்திலும் மேலிருந்து கீழாகக் கீறல், தேங்காய் நாரால் தேய்த்த கீறல். வெளிச்சம் கீறாது. கேமராவுக்குள் குனிந்து அத்தனை நேரம் நிமிராத மனுஷர் இதைத்தான் பார்த்திருக்கிறார். பிறகுதான் பாத்திரம் யார் விளக்குவது என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். கேஸை அணைத்தேனா என்றுகூட அன்றைக்கு நினைக்கவில்லை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் அவருடைய பேரன் செல்போன் கடை வைத்திருக்கிறான். பின்பக்கம் வீடு. பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க வெள்ளை, கண்ணில் தடித்த கண்ணாடி.

"யாரும்மா?"

"ராஜபாளையத்துல இருந்து வாரேன் பாய். ரொம்ப வருசத்துக்கு முந்தி எங்க வீட்டுக்கு இரும்பு போட்டோ எடுக்க வந்தீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"புளிப் பாப்பாவா?"

நான் அழுதுவிட்டேன். அவர் அழ விட்டார். பேரனின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பிறகு கேட்டேன்.

"ஏன் பாய் சொல்லல?"

"சொன்னா நீலம் திரும்பி வந்துருமா? ஒங்க அப்பா கையி அன்னைக்கு அவரு சொல்லு கேக்குற நெலமைல இல்ல. எனக்கு ஒரு வீட்டுல பேரு கெட்டா அடுத்த வீடு இருக்கு. ஒனக்கு இருந்தது அந்த ஒரு வீடுதானம்மா."

"எங்க அப்பாவுக்காகத்தான் பாய் தேச்சேன். சுத்தமா இருந்தா நல்ல ஆளுன்னு நெனப்பாங்கன்னு."

"எதுக்குத் தேச்சேன்னு எனக்குத் தெரியாது. ஆனா கெட்ட புத்தியில தேச்ச தேய்ப்பு இல்லன்னு தெரிஞ்சுது. அம்புட்டு அழுத்தித் தேச்சிருந்த."

கைப்பையில் இருந்து நாலு பத்து ரூபாய்த் தாளை எடுத்தேன். அதோடு ஒரு உறையில், இத்தனை வருஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்று தெரியாமல், நான் சேர்த்து வைத்திருந்ததையும் வைத்தேன். அவர் உறையைத் தொடவில்லை. நாலு தாளை மட்டும் எடுத்து விரித்துப் பார்த்து, மடித்து, என் கையிலேயே வைத்துவிட்டார்.

"இது நீ தரவேண்டியது இல்லம்மா. லைட்டு கூடிப்போச்சு, என் தப்புன்னு சொன்னேன்ல? ஒன் கையால வாங்குனா அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு ஆயிரும். ஒங்க அப்பா கோவம் போயி, அவரு கையால தரணும். அதான் பேச்சு."

"அப்பா போயி ஒம்பது வருசம் ஆச்சு பாய்."

"தெரியும். பாடை எடுக்கும்போது வந்து தெருமுனையில நின்னுட்டுத்தான் போனேன்."

பஸ் ஸ்டாண்டு வரை பேரன் கூட வந்து ஏற்றிவிட்டான். அந்த நாலு தாளையும் அப்பாவின் காகிதங்களுக்குள், போட்டோவோடு வைத்திருக்கிறேன். அப்பா ஸ்டுடியோ பாய்க்குத் தரவேண்டிய பாக்கி, நாற்பது ரூபாய்.